மாடல் மழையும் மண்ணில் பெய்த மழையும்: புதுச்சேரிக்கு எந்தக் கருவி ஒத்துவரும்?

புதுச்சேரியிலோ கடலூரிலோ நாலைந்து ஆய்வு மாணவர்கள் ஒரே கணினியில் காலநிலை மாடல்களைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு பைத்தான் ஸ்கிரிப்ட், ஆளுக்கொரு மழைக் கோப்பு, ஆளுக்கொரு விடை. இதைப் பொதுவாக்க நான்கு வழிகள் உண்டு: மாடல் விடையை அளவீட்டோடு ஒப்பிடும் மென்பொருள்களான பிஎம்பி (PMP), ஐலாம்ப் (ILAMB), ஈஎஸ்எம்வால்டூல் (ESMValTool), அல்லது இருக்கிற ஸ்கிரிப்டுகளையே ஒழுங்குபடுத்தி மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் ஒரே கிட் (Git) களஞ்சியத்தில் போடுவது. முதல் மூன்றும் இலவசம். உலகின் காலநிலை மாடல்களை ஒப்பிடும் கூட்டுத் திட்டமான சிஎம்ஐபி-யின் (CMIP) ஏழாம் சுற்றுக்கான, அதாவது சிஎம்ஐபி7-க்கான, விரைவு மதிப்பீட்டு ஏற்பாடும் இந்த மூன்றையும் சேர்த்தே பயன்படுத்துகிறது. அதனால் தரத்தைப் பற்றிய சண்டை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எது உதவும் என்று மட்டும் பார்க்கலாம்.

பிஎம்பி அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவானது. ஐம்பது மாடல்களை உலக அளவில் ஒரே வண்ணக் கட்டப் படத்தில் வரிசைப்படுத்த இதற்கு நிகரில்லை. மதிப்பெண்கள் ஜேசன் (JSON) என்ற எழுத்துக் கோப்பாக வருவதால் மறுபடி பயன்படுத்துவதும் சுலபம். நம் பக்கத்துக்குத்தான் இடிக்கிறது. பருவங்களை டிசம்பர்–பிப்ரவரி, செப்டம்பர்–நவம்பர் என்று வெட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை இரண்டு துண்டாகிவிடும். அதன் பருவமழை அளவீடும் இந்தியா முழுவதற்குமான சராசரி மழையைப் பார்ப்பது, அதாவது தென்மேற்குப் பருவமழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர்–டிசம்பரில் பெறும் கடலூர் அதில் கண்ணிலேயே படாது.

ஐலாம்ப் நிலப்பரப்புக்கானது: மண் ஈரம், நீராவிப்போக்கு, கார்பன். பிழை, பருவச் சுழற்சி, இடப் பரவல் என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும். அளவீட்டுத் தரவையும் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். வேளாண்மைக்காரர்கள் இதை எடுக்கட்டும். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் புயல் மழையைப் பிடிக்க இது ஏற்றதல்ல.

எங்கள் கை ஈஎஸ்எம்வால்டூல் பக்கம்தான் சாய்கிறது. யாம்ல் (YAML) என்ற எளிய எழுத்துக் கோப்பு வடிவில் ஒரு ரெசிபி. எந்த மாடல், எந்த ஆண்டுகள், என்னென்ன முன்செயல்கள் என்று எல்லாம் அதிலேயே இருக்கும். பருவத்தை ‘ஓஎன்டி’ (OND, மூன்று மாதங்களின் ஆங்கில முதலெழுத்துகள்) என்று எழுதினால் அக்டோபர்–டிசம்பரை எடுத்துக்கொள்கிறது. எந்தக் கோப்பிலிருந்து எந்தப் படம் வந்தது என்ற வரலாறும் கூடவே பதிவாகிறது. அலகு தப்பாக இருந்தால் ஓடாமல் நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் மூன்று மாதம் கழித்து வழிகாட்டியிடம் திட்டு வாங்குவதற்கு இது தேவலை. 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் ஒரே நேரத்தில் ஓடும் பணிகளின் எண்ணிக்கையை 2 என்று கட்டுப்படுத்துங்கள். விட்டால் எல்லா கோர்களையும் எடுத்துக்கொண்டு நினைவகத்தை நிரப்பிவிடும்.

ஆனால் எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் பொதுவாக்க வேண்டியது அளவீட்டுத் தரவைத்தான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகை (சுமார் 27 கிலோமீட்டர்) கட்டங்களில் அமைந்த தினசரி மழைத் தரவையே பாருங்கள். 1901 முதல் கிடைக்கிறது, 135 × 129 கட்டங்கள், தரவில்லாத இடத்தில் −999. அந்த −999-ஐ மறைக்காமல், அதாவது கணக்கிலிருந்து விலக்காமல், சராசரி எடுத்தால் கடற்கரை முழுக்க மழை ‘எதிர்மறை’யில் பெய்யும். இதுவாவது உடனே தெரிந்துவிடும். தேதிப் பிழை தெரியாது.

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது 2024 நவம்பர் 30 இரவு. வானிலைத் துறையின் மழை நாள் முந்தைய நாள் காலை 8:30 முதல் அன்று காலை 8:30 வரை. எனவே அந்தக் கொட்டு மழை பதிவேட்டில் டிசம்பர் 1. அளவீடுகளையும் மாடலையும் இணைத்து உருவாக்கிய ஐரோப்பிய வானிலைத் தரவான ஈஆர்ஏ5-இல் (ERA5) கிரீன்விச் நேரப்படி நாள் கணக்கிட்டால், நம் நேரத்தில் காலை 5:30 முதல் மறுநாள் 5:30 வரை. அதே மழை நவம்பர் 30-இல் விழுகிறது. 24 மணி நேரத்தில் 21 மணி நேரம் பொதுவானது, ஆனால் தேதி வேறு, மாதமே வேறு. மாதச் சராசரியில் ஒன்று நவம்பரிலும் மற்றொன்று டிசம்பரிலும் எகிறும். பழி மாடல் மேல்!

தீர்வு இரண்டு படி. ஈஆர்ஏ5 மணிவாரித் தரவில் கிரீன்விச் 04 மணி முத்திரை முதல் மறுநாள் 03 மணி முத்திரை வரை கூட்டுங்கள்; ஒவ்வொரு முத்திரையும் அதற்கு முந்தைய ஒரு மணி நேர மழையைக் குறிக்கும். மீட்டரில் இருப்பதால் 1000-ஆல் பெருக்க வேண்டும். சிஎம்ஐபி தினசரித் தரவில் அப்படிக் கூட்ட வழியில்லை. அங்கே வானிலைத் துறைத் தேதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அதன் பிறகு மாதச் சராசரி எடுங்கள். அன்றன்றைய அளவீட்டோடு கட்டப்படாமல் சுதந்திரமாக ஓடும் சிஎம்ஐபி மாடலில் ஃபெஞ்சலைத் தேட வேண்டாம், அதில் அந்தப் புயல் இருக்காது. ஒப்பிட வேண்டியது பல ஆண்டுப் புள்ளிவிவரத்தை.

அடுத்த வழுக்கல் கரையோரக் கட்டம். கடலூரும் புதுச்சேரியும் 0.25 பாகையில் அடுத்தடுத்த கட்டங்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமான ஐஐடிஎம்-இன் (IITM) மாடலிலோ கட்டம் ஒன்று ஏறக்குறைய 200 கிலோமீட்டர், பாதிக்கு மேல் கடலாகவும் இருக்கலாம். 50 சதவீத நில வரம்பு வைத்துக் கடலை மறைத்தால் சில மாடல்களில் ஊரே காணாமல் போகும். மாடலை 0.25 பாகைக்கு இழுத்து நீட்டாதீர்கள். படம் அழகாக வரும், தகவல் கூடாது. அளவீட்டைப் பரப்பளவு எடையோடு மாடல் கட்டத்துக்குச் சுருக்கி, இரண்டுக்கும் ஒரே மறைப்பைப் போடுங்கள்.

சொந்த ஸ்கிரிப்ட்? வானிலைத் துறைக் கோப்பை மாற்றும் அந்த ஒரு வேலைக்கு மட்டும் போதும். ஒரு நாள் மழையின் மில்லிமீட்டரை 86400-ஆல் (ஒரு நாளின் நொடிகள்) வகுத்தால் மாடலின் அலகு, அதாவது சதுர மீட்டருக்கு நொடிக்கு எத்தனை கிலோகிராம் நீர் என்பது, கிடைக்கும். பைனரிக் கோப்பின் அளவை முதல் வரியிலேயே சோதியுங்கள்: சாதாரண ஆண்டுக்கு 2,54,25,900 பைட், லீப் ஆண்டுக்கு 2,54,95,560. பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்தி, திரும்ப இறக்குங்கள்.