டோஸ் கணக்கு: ஃபார்முலாவா, ‘ஒரு எம்எல்ல எவ்ளோ’வா, யூனிட்டை வெட்டுற முறையா?

காலேஜ்ல சொல்லித்தர்ற கணக்கு வேற, வார்டுல சிஸ்டர்ஸ் போடுற கணக்கு வேறன்னு புதுசா டூட்டிக்கு வர்ற பிள்ளைங்க எல்லாருமே குழம்புவாங்க. கணக்கு ஒண்ணுதான், போற வழிதான் வேற வேற. எந்த வழி நல்ல வழின்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, பெரும்பாலும் தான் படிச்ச முறையத்தான் சொல்லுவாங்க. நான் இங்க ஒரே ஆர்டரை எல்லா முறையிலயும் போட்டுக் காட்டறேன், எது எங்க காலை வாருதுன்னு பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. என் கட்சி எதுன்னு போகப்போக தெரிஞ்சிடும், மறைக்கல.

டாக்டர் எழுதின ஆர்டர் இது. பச்சக் குழந்தை, எடை 2.8 கிலோ, அமிகாசின் (கிருமியைக் கொல்ற ஊசி மருந்து) கிலோவுக்கு 15 எம்ஜி (மில்லிகிராம்). அப்போ 42 எம்ஜி. கையில இருக்குற வயல்ல (மருந்துக் குப்பி) 2 எம்எல்லுக்கு 100 எம்ஜி.

ஃபார்முலா முறை எல்லாருக்கும் மனப்பாடம். வேணும்ங்கிற டோஸ் பை கையில இருக்குற டோஸ், இன்டு அது எத்தனை எம்எல்ல இருக்கோ அது.
42 / 100 × 2 = 0.84 எம்எல்

ரேஷியோ முறைல 100 எம்ஜிக்கு 2 எம்எல்னா 42 எம்ஜிக்கு எத்தனைன்னு குறுக்குப் பெருக்கல் போடணும், 84 / 100, அதே 0.84.

மூணாவது, ஒரு எம்எல்ல எவ்ளோ இருக்குன்னு முதல்ல பாக்குறது. 2 எம்எல்ல 100, அப்போ 1 எம்எல்ல 50. எனக்கு வேண்டியது 42. 42 / 50 = 0.84.

நாலாவது டைமென்ஷனல் அனாலிசிஸ், தலைப்புல சொன்ன யூனிட்டை வெட்டுற முறை, அமெரிக்கா நர்சிங் புக்கெல்லாம் இதைத்தான் தூக்கி வச்சு ஆடும். எடையில ஆரம்பிச்சு ஒரே கோட்டுல எழுதிட்டுப் போகணும்:
2.8 கிலோ × 15 எம்ஜி/கிலோ × 2 எம்எல்/100 எம்ஜி = 0.84 எம்எல்
கிலோவும் கிலோவும் அடிபடும், எம்ஜியும் எம்ஜியும் அடிபடும், கடைசில எம்எல் மட்டும் நிக்கும்.

விடை ஒண்ணுதானே, அப்புறம் எதுக்கு அலசல்னு கேப்பீங்க. சரியா போட்டா எல்லாமே சரிதான். தப்பா போட்டா எந்த முறை நம்மள காட்டிக் கொடுக்கும்ங்கிறதுதான் கேள்வி.

ஃபார்முலால நடக்குற வழக்கமான தப்பு கடைசி ‘இன்டு 2’ஐ விட்டுடறது. 42 / 100 = 0.42னு வரும், ஒரு எம்எல் சிரிஞ்ச்ல அழகா இழுக்கற மாதிரியே ஒரு நம்பர், யாருக்கும் சந்தேகமே வராது, குழந்தைக்கு பாதி டோஸ்தான் போகும். இதுவே மேலயும் கீழயும் மாத்திப் போட்டா 100 / 42 × 2 = 4.76 எம்எல்னு வரும், வயல்லயே 2 எம்எல்தானே இருக்குன்னு கை தானா நின்னுடும். பெரிய தப்பு கத்தும், சின்ன தப்பு சத்தமே போடாது. ஃபார்முலாவோட குறையே இதுதான், அது வெறும் நம்பரை மட்டும் பாக்குது, யூனிட்டையும் பாக்கல மருந்தையும் பாக்கல.

‘ஒரு எம்எல்ல எவ்ளோ’ முறைல நடுவுல ஒரு படி இருக்கு பாருங்க, 1 எம்எல்ல 50 எம்ஜின்னு. அந்த ஒரு வரி கையில இருந்தா 42ங்கிறது 50ஐ விட கொஞ்சம் கம்மி, அப்போ விடையும் 1 எம்எல்ல விட கொஞ்சம் கம்மியாதான் இருக்கணும்னு கணக்கு போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. 0.42ன்னு வந்தா அப்பவே இடிக்கும். இதான் என் கட்சி. வார்டுல ஊசி மருந்துக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்ல.

இன்னொரு விஷயமும் இதுல கிடைக்கும். அமிகாசின் 2 எம்எல்லுக்கு 100 எம்ஜி, 250 எம்ஜி, 500 எம்ஜின்னு எல்லா வயலும் கடைல இருக்கு. ஸ்டோர்ல இன்னிக்கு 500தான் இருக்குன்னு வைங்க. ஒரு எம்எல்ல 250, அப்போ 42 எம்ஜிக்கு 0.168 எம்எல். இதை எந்த சிரிஞ்ச்ல நிதானமா இழுப்பீங்க? அதே 2 எம்எல்லை மொத்தம் 10 எம்எல் வர்ற மாதிரி டைல்யூட் பண்ணுங்க, ஒரு எம்எல்லுக்கு 50 ஆயிடும், மறுபடி 0.84க்கே வந்துட்டோம். ஃபார்முலா 0.168ன்னு சொல்லிட்டு போயிடும். எவ்வளவு டைல்யூட் பண்ணா இழுக்க வசதின்னு யோசிக்கணும்னா ஒரு எம்எல் கணக்குலதான் யோசிக்க முடியும். பவுடர் வயலா இருந்தா ஒண்ணு கவனிங்க, 10 எம்எல் தண்ணி விட்டா மொத்தம் சரியா 10 எம்எல்னு நினைக்காதீங்க, பவுடரும் கொஞ்சம் இடம் பிடிக்கும். பெரியவங்களுக்கு முழு வயலும் போடறப்ப பரவால்ல, குழந்தைக்கு பாதி, கால் இழுக்கறப்ப உள்ள இருக்குற பேப்பரை படிச்சு அதுல எவ்வளவு விடச் சொல்லிருக்கோ அவ்வளவு விடணும்.

லேபிள்ல எம்ஜியே இல்லாம பர்சன்ட் போட்டிருக்குற மருந்து வந்தா ஃபார்முலா ஆளுங்க அப்படியே முழிப்பாங்க. லேபர் வார்டுல மேக் சல்ஃப் (மெக்னீசியம் சல்ஃபேட்) 50 பர்சன்ட். எக்லாம்ப்சியாக்கு (கர்ப்பிணிக்கு பிபி ஏறி வர்ற வலிப்பு) பிரிட்சர்ட்ங்கிற டோஸ் முறைல முதல்ல 4 கிராம் நரம்புல, 20 பர்சன்ட்டா மாத்தி மெதுவா. 50 பர்சன்ட்னா 100 எம்எல்ல 50 கிராம், ஒரு எம்எல்ல அரை கிராம். 4 கிராமுக்கு 8 எம்எல், அதாவது 2 எம்எல் ஆம்ப்யூல் நாலு. அதோட 12 எம்எல் சேத்தா 20 எம்எல்ல 4 கிராம், 20 பர்சன்ட் வந்தாச்சு. அப்புறம் ஒவ்வொரு பக்கமும் தசைல 5 கிராம், 10 எம்எல், அது டைல்யூட் பண்ணாம 50 பர்சன்ட்டாவே போகும். எல்லாமே ‘ஒரு எம்எல்ல அரை கிராம்’ங்கிற ஒத்த வரில இருந்து வருது.

அட்ரினலினும் அப்படித்தான், 1:1000னா ஒரு எம்எல்ல 1 எம்ஜி, 1:10000னா ஒரு எம்எல்ல 0.1 எம்ஜி. பூஜ்ஜியம் ஜாஸ்தியா இருக்கறது வீக்கான மருந்துங்கிறது பதட்டத்துல தலைகீழா தெரியும், அதனாலதான் அமெரிக்கால 2016லயே லேபிள்ல இந்த ரேஷியோ எழுதுறதை எடுத்துட்டாங்க.

இப்போ டைமென்ஷனல் அனாலிசிஸ். அமிகாசினுக்கு இது எதுக்கு இவ்ளோ பெரிய கோடுன்னு தோணும், தோணறது சரிதான். ஐசியூ போனாதான் அதோட அருமை தெரியும். 50 கிலோ பேஷன்ட், டோபமின் (பிபி ஏத்துற மருந்து) 5 எம்சிஜி (மைக்ரோகிராம்) ஒரு கிலோவுக்கு ஒரு நிமிஷத்துக்கு. ஆம்ப்யூல் 5 எம்எல்ல 200 எம்ஜி, அதை மொத்தம் 50 எம்எல் ஆக்கி சிரிஞ்ச்ல லோட் பண்ணிருக்கோம். பம்ப்ல மணிக்கு எத்தனை எம்எல் வைக்கணும்?

5 எம்சிஜி/கிலோ/நிமிஷம் × 50 கிலோ × 60 நிமிஷம்/மணி × 1 எம்ஜி/1000 எம்சிஜி × 50 எம்எல்/200 எம்ஜி = 3.75 எம்எல்/மணி

இதுல எடை வருது, நிமிஷம் மணியா மாறுது, எம்சிஜி எம்ஜியா மாறுது, எம்ஜி எம்எல்லா மாறுது, நாலு மாத்தம் ஒரே கணக்குல. ஃபார்முலால இதைப் போட்டா நாலு தனித்தனி கணக்கு, நாலு இடத்துல வழுக்கும். கோடு போட்டு எழுதுனா 60ஐ விட்டுட்டா கடைசில ‘எம்எல்/நிமிஷம்’னு நிக்கும், 1000த்தை விட்டுட்டா எம்சிஜி அடிபடாம முறைச்சுக்கிட்டு நிக்கும். விடை தப்புன்னு யூனிட்டே சொல்லிடுது. ஆனா ஒண்ணு, யூனிட்டையும் சேத்து எழுதுனாதான். அவசரத்துல வெறும் 5 × 50 × 60ன்னு தட்டுனா அது டைமென்ஷனல் அனாலிசிஸ் இல்ல, நீளமான ஃபார்முலா.

ஐசியூல நிறைய பேர் இதைக்கூட போட மாட்டாங்க. ரெண்டு ஷார்ட்கட் ஓடும். ஒண்ணு சுவத்துல ஒட்டி வச்சிருக்குற சார்ட், 200 எம்ஜி 50 எம்எல்னா எந்த எடைக்கு எவ்வளவுன்னு கட்டம் போட்டிருக்கும். இன்னொண்ணு ரூல் ஆஃப் சிக்ஸ், எடையை 6ஆல பெருக்கி அத்தனை எம்ஜியை 100 எம்எல்ல கலந்தா மணிக்கு 1 எம்எல் ஓடுறது 1 எம்சிஜி/கிலோ/நிமிஷத்துக்கு சமம். 50 எம்எல் சிரிஞ்ச்னா 3ஆல பெருக்கணும், 50 கிலோவுக்கு 150 எம்ஜி, அதாவது ஆம்ப்யூல்ல இருந்து 3.75 எம்எல். அப்புறம் டாக்டர் 5 சொன்னா பம்ப்ல 5, 8 சொன்னா 8. ராத்திரி ரெண்டு மணிக்கு இதைவிட சொகுசு கிடையாது, ஒத்துக்கறேன்.

ஆனா ரெண்டையும் எதிரெதிரா வச்சா எனக்கு சார்ட்தான். ரூல் ஆஃப் சிக்ஸ்ல ஒவ்வொரு பெட்டுக்கும் சிரிஞ்ச்ல வேற வேற ஸ்ட்ரெங்த், பெட் மாறுனா, ஷிப்ட் மாறுனா, சிரிஞ்சைப் பாத்து உள்ள என்ன ஸ்ட்ரெங்த்னு யாராலயும் சொல்ல முடியாது. அமெரிக்கால ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்குற ஜாயின்ட் கமிஷன் இதை விட்டுட்டு ஒரே ஸ்டாண்டர்டு கான்சன்ட்ரேஷனுக்கு வாங்கன்னு ஆஸ்பத்திரிகளை மாத்தினதும் இதனாலதான். சார்ட்டுக்கும் வினை உண்டு, ஃப்ளூயிட் கம்மி பண்ணணும்னு யாராவது 400 எம்ஜி லோட் பண்ணிட்டு ஹேண்ட் ஓவர்ல சொல்லாம போனா, அடுத்த ஷிப்ட் அதே சார்ட்டைப் பாத்து 3.75 வச்சா பேஷன்டுக்கு 10 எம்சிஜி ஓடும். சிரிஞ்ச்ல மருந்து பேர் மட்டும் எழுதாம ‘1 எம்எல் = 4 எம்ஜி’ன்னு எழுதி ஒட்டுனா இது பாதி தீந்துடும்.

சொட்டுக் கணக்கு சீக்கிரம் முடிச்சிடலாம். ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் குளுக்கோஸ் இல்லாத ட்ரிப்) 500 எம்எல், 4 மணி நேரம், 20 சொட்டு செட் (20 சொட்டு ஒரு எம்எல்). 500 × 20 / 240 = 41.67, நிமிஷத்துக்கு 42 சொட்டு. ஷார்ட்கட்ல மணிக்கு 125 எம்எல், பை 3, அதே 42. மைக்ரோ ட்ரிப் செட்ல 60 சொட்டு ஒரு எம்எல், அதனால மணிக்கு எத்தனை எம்எல்லோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு, கணக்கே வேணாம். இங்க ஷார்ட்கட்டே போதும், ஆனா 3ஆல வகுக்கறது 20 சொட்டு செட்டுக்கு மட்டும். 15 சொட்டு செட்ல 42 விட்டா மணிக்கு 168 எம்எல் ஓடி பாட்டில் மூணு மணி நேரத்துல காலி, அதுக்கு 4ஆல வகுக்கணும். கவர்லயே போட்டிருக்கும், கவரை கிழிச்சு வீசறதுக்கு முன்னாடி பாக்கணும் அவ்ளோதான்.

இன்சுலின்ல கணக்கு போடறவங்களைப் பாத்தாதான் எனக்கு பயம். நம்ம ஊர்ல வயல் பெரும்பாலும் ஒரு எம்எல்லுக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிஜ் 100 யூனிட். சிகப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 40 சிரிஞ்ச் தீந்துபோச்சுன்னு 100 சிரிஞ்ச்ல 2.5ஆல பெருக்கி 12 யூனிட்டுக்கு 30 கோடு வரைக்கும் இழுக்கறது கணக்குப்படி சரி, 0.3 எம்எல்தான். ஆனா அந்த சிரிஞ்சைப் பாக்குற அடுத்த ஆளுக்கு அது 30 யூனிட். கார்ட்ரிஜ்ல இருந்து சிகப்பு மூடி சிரிஞ்ச்ல 12 கோடு இழுத்தா நிஜமாவே 30 யூனிட் போய் சுகர் விழுந்துடும். இங்க எந்த முறையும் ஜெயிக்கல, சரியான சிரிஞ்ச் வர்ற வரைக்கும் நிறுத்தறதுதான் ஜெயிக்குது. இன்ஃப்யூஷனுக்கு 50 யூனிட் 50 எம்எல்ல லோட் பண்றப்ப மட்டும் கணக்கு வேணும், 40 வயல்ல இருந்து 50 யூனிட்னா 1.25 எம்எல், 100 வயல்னு நினைச்சு அரை எம்எல் இழுத்தா உள்ள 20 யூனிட்தான் இருக்கும், மணிக்கு மணி சுகர் பாத்துட்டு ஏன் இறங்கலன்னு எல்லாரும் மண்டைய பிச்சுப்பாங்க.

லேபிளை தப்பா படிச்சா எந்த முறையும் காப்பாத்தாது. 2007ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல நடிகர் டென்னிஸ் குவைடோட இரட்டைக் குழந்தைங்களுக்கு எம்எல்லுக்கு 10 யூனிட் ஹெபரின் (ரத்தம் உறையாம தடுக்குற மருந்து) போட வேண்டிய இடத்துல 10,000 யூனிட் வயல் போயிடுச்சு, ஆயிரம் மடங்கு, நல்லவேளை ரெண்டும் பிழைச்சுது. இங்க நம்ம ஹெபரின்லயும் எம்எல்லுக்கு 1000, 5000னு ரெண்டு வயல் இருக்கு. ஃபார்முலால 5000ங்கிற நம்பர் எம்எல்லுக்கா, வயலுக்கான்னு கேக்காமலே உள்ள போயிடும், ஒரு எம்எல்ல எவ்ளோன்னு ஆரம்பிக்கிறவங்க அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

குழந்தைங்களுக்கு யங் ரூல், கிளார்க் ரூல், ஃப்ரைட் ரூல்னு புக்ல இருக்குமே, வயசை வச்சும் எடையை வச்சும் பெரியவங்க டோஸ்ல பங்கு போடறது, அதெல்லாம் பரிட்சைக்கு மட்டும். கிலோவுக்கு இத்தனை எம்ஜின்னு ஆர்டர் வர்ற காலத்துல வார்டுல அதுக்கு வேலையே இல்ல.

டபுள் செக்ல ஒரு சின்ன மாத்தம் பண்ணிப் பாருங்க. இப்போ நடக்கறது என்னன்னா ஒருத்தர் “0.84 சரியா சிஸ்டர்?”னு கேக்க, இன்னொருத்தர் கேஸ் ஷீட் எழுதிக்கிட்டே “ம், சரி சரி”ங்கறாங்க. விடையை சொல்லாம ஆர்டரையும் வயலையும் மட்டும் கையில கொடுங்க, நீங்க ஃபார்முலால போட்டிருந்தா அவங்களை ஒரு எம்எல் முறைல போடச் சொல்லுங்க. ஒரே முறைல ரெண்டு பேர் போட்டா ஒரே இடத்துல ரெண்டு பேரும் வழுக்குவாங்க.

வெளிநாட்டுப் பரிட்சைக்குப் படிக்கறவங்களுக்கு மட்டும் தனியா. நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு இங்கிலாந்து போறவங்க எழுதற சிபிடிங்கிற கம்ப்யூட்டர் பரிட்சைல கணக்குக்குன்னே தனிப் பகுதி இருக்கு, அமெரிக்கா நர்ஸ் லைசென்ஸ் பரிட்சையான என்கிளெக்ஸ்ல ஆப்ஷன் இல்லாம நம்பரை மட்டும் டைப் பண்ற கேள்வி வரும், கால்குலேட்டர் ஸ்கிரீன்லயே இருக்கும். அங்க டைமென்ஷனல் அனாலிசிஸ்தான் லாபம், ஏன்னா பவுண்டுல எடை கொடுத்து கிலோவுக்கு மாத்த வைப்பாங்க, 2.2ஆல வகுக்கறதும் அதே கோட்டுல ஒரு பின்னமா சேந்துடும். நடுவுல ரவுண்ட் பண்ணாதீங்க, எத்தனை தசமம்னு கேள்விலயே போட்டிருப்பாங்க, கடைசில ஒரே தடவ ரவுண்ட் பண்ணா போதும். விடைல புள்ளிக்கு முன்னாடி பூஜ்ஜியம் போடணும், 5ஐ 5.0ன்னு எழுதக்கூடாது, புள்ளி மங்கலா விழுந்தா அது 50.