பழைய வண்ணாரப்பேட்டை ஃபிரேம் கடையும் டாக்டர் கிரீன் படமும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால், சாமி படங்களுக்கு ஃபிரேம் போடும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. போர்டு எழுத்து மங்கிவிட்டது. வாசலில் சாய்த்து வைத்திருக்கும் முருகர் படங்கள்தான் அடையாளம். வியாசர்பாடியில் நான் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கும் இடத்தில் மாட்டுவதற்கு ஒரு படம் இங்கே செய்யக் கொடுத்தேன். வேலை அருமையாக வந்திருக்கிறது.

படத்தில் இருப்பவர் தாமஸ் கிரீன் (Thomas Crean). 1873-இல் டப்ளினில் பிறந்தவர், டாக்டர். ரக்பியில் அயர்லாந்துக்காக 9 ஆட்டங்கள் ஆடிய ஃபார்வர்டு. 1894-இல் அயர்லாந்து முதன்முதலாக டிரிபிள் கிரவுன் ஜெயித்தபோது, அதாவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றையும் ஒரே சீசனில் தோற்கடித்தபோது, அணியில் இருந்தார். 1896-இல் பிரிட்டிஷ் தீவுகள் அணியோடு தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போனவர், அங்கேயே தங்கி ஜோகன்னஸ்பர்க்கில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1899-இல் பிரிட்டிஷாருக்கும் அங்கே குடியேறியிருந்த டச்சு வம்சாவளி போயர்களுக்கும் போயர் யுத்தம் வந்ததும், டாக்டர் படிப்பு கையில் இருந்தும், பிரிட்டிஷ் பக்கம் இம்பீரியல் லைட் ஹார்ஸ் என்ற குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். டப்ளினில் அவரோடு ஒரே கிளப்பில் ஆடிய ராபர்ட் ஜான்ஸ்டனும் அதே படையில்தான் இருந்தார்.

தங்கத்துக்கும் மண்ணுக்கும் அடித்துக்கொண்ட அந்த யுத்தத்தை நான் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வதில்லை. 1901 டிசம்பர் 18 அன்று நடந்ததைச் சொல்வேன். எதிரி 150 கஜ தூரத்திலிருந்து சரமாரியாகச் சுடுகிறான். அதற்குள் படை மருத்துவராகிவிட்ட கிரீன், தனக்கே குண்டடி பட்ட பிறகும் காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது முறை குண்டு பாய்ந்த பிறகுதான் அவர் கை ஓய்ந்தது. பிழைக்க மாட்டார் என்றே முதலில் நினைத்தார்கள். பிழைத்தார், வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். முதல் உலகப் போரிலும் ராணுவ மருத்துவராகப் போனார். 1923-இல் காலமானபோது வயது 49. என்னிடம் பழகும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ராணுவம், போலீஸ் என்றுதான் கனவு. அவர்கள் கண்ணில் தினமும் பட வேண்டிய ஆள் இவர்.

ஆட்ட உடையில் ஒன்று, ராணுவ உடுப்பில் ஒன்று என இரண்டு படங்களும், தமிழில் அரைப் பக்கம் எழுதிய வாழ்க்கைக் குறிப்பும் கொண்டுபோனேன். கடைக்காரர் அளவெடுக்கும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே முழுசாகப் படித்தார். "ரெண்டாவது குண்டு பட்டும் பொழச்சாரா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் வேலைப் பேச்சுக்கு வந்தார். படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். "பெருசு பண்ணா மூஞ்சி புள்ளி புள்ளியா உடைஞ்சிடும் மாஸ்டர். சைஸ் அப்டியே இருக்கட்டும், சுத்தி மவுண்ட்டை அகலமா வுடுறேன்" என்றார். மவுண்ட் என்பது படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுற்றிலும் வைக்கும் அட்டை. பெரிய பிரிண்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அப்படிச் செய்யாததற்கே இந்தக் கடைக்கு மறுபடி போவேன்.

ஒரே மவுண்ட் போர்டில் மூன்று ஜன்னல் வெட்டியிருக்கிறார்: இரண்டு படமும் ஒரே அளவில், நடுவில் எழுத்து. கத்தியைச் சாய்த்து வெட்டியதில் ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு மெல்லிய ஓரம் தெரிகிறது. நான்கு மூலையிலும் மரம் மரத்தோடு சேருமிடத்தில் நகம்கூட நுழையாது. மவுண்ட் நடுவில் இருப்பதால் படம் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. நம்ம பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம். முன்பு வேறொரு கடையில் போட்ட எங்கள் டீம் போட்டோ, மழைக்காலத்து ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போய், பிரித்தபோது இரண்டு பிள்ளைகளின் முகம் உரிந்து வந்துவிட்டது. கடல் காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், இவர் கேட்காமலே பின்பக்கம் பித்தளைக் கொக்கி போட்டிருக்கிறார். பூச்சி நுழையாதபடி சுற்றிலும் டேப்பும் ஒட்டியிருக்கிறது.

எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய் ஆனது. தேக்குச் சட்டம் கேட்டால் இன்னும் கூடும்; உங்களுக்கு வேம்பே போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

குறையும் உண்டு. சனிக்கிழமை தருகிறேன் என்றது செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. சாதாரணக் கண்ணாடி என்பதால் டியூப்லைட் வெளிச்சம் அடிக்கிறது. கொஞ்சம் தள்ளி நின்றுதான் எழுத்தைப் படிக்க வேண்டும். வெளிச்சம் அடிக்காத கண்ணாடி அவரிடம் இல்லை.

ஆயுத பூஜைக்கு முன்னால் போகாதீர்கள், சாமி பட ஆர்டரில் கடை நிரம்பி வழியும். சாதாரண நாளில் காலையில் போனால் உட்கார்ந்து பேசி அளவு முடிவு செய்யலாம். ஜிபே வாங்குகிறார்கள். சந்துக்குள் பைக் நிறுத்த இடம் கிடையாது, மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.