பி.எஃப் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோய், அவருக்கு பி.எஃப் பிடித்தம் இருந்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு மூன்று தனித்தனிப் பணம் வர வேண்டும். சேர்ந்திருக்கும் பி.எஃப் தொகை ஒன்று, இன்சூரன்ஸ் தொகை ஒன்று, மாதாமாதம் வரும் பென்ஷன் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம்தான். அந்தப் படிவத்துக்கும் சரி, அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் சரி, ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது. இது தெரியாத வீடுகளைத் தேடிப் பிடித்துப் பிழைப்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். என் அக்காவிடம் அப்படித்தான் 55,000 ரூபாய் பிடுங்கினார்கள். அதைவிட மோசம், வாழ்நாள் முழுக்க அவளுக்கு வர வேண்டிய பென்ஷனே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். போன வருஷம் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தவர், நெஞ்சு வலி என்று படுத்தார், ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே போய்விட்டார். மகள் பிளஸ் டூ, மகன் ஒன்பதாவது. காரியம் முடிந்த கையோடு அக்கா கம்பெனிக்குப் போனாள். அங்கே ஆபீஸில் இருந்தவர், "இதெல்லாம் நம்ம கன்சல்டன்ட்தான் பார்ப்பாரு, அவரைப் பாருங்கம்மா" என்று ஒரு போன் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு பி.எஃப் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. அதைச் செய்யாமல் வெளியாள் நம்பரைக் கொடுப்பது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அந்த ஆளின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில். வாசலில் பி.எஃப், இ.எஸ்.ஐ., பென்ஷன் என்று போர்டு. உள்ளே மேஜை முழுக்க ஃபைல்கள், ஒவ்வொன்றின் மேலும் ரப்பர் பேண்டில் சுற்றிய ஆதார் ஜெராக்ஸ். நானும் கூடப் போயிருந்தேன். உட்கார்ந்ததும் மாமாவின் ஆதாரையும் சம்பளச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தது, பி.எஃப்பில் வெறும் இன்ஷியல். "பேரு மிஸ்மேட்ச், மேடம். நாமினேஷனும் போடலை. கோர்ட்ல வாரிசு ஆர்டர் வாங்கணும். இல்லைன்னா பணம் கவர்மெண்டுக்கே போயிடும்" என்றார். அக்கா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செலவுக்கு என்று 15,000 ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன். வேலை முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்.

அப்புறம் ஒரு கட்டுப் படிவத்தை எடுத்தார். எதிலும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. "பெருக்கல் குறி போட்ட இடத்துல எல்லாம் சைன் பண்ணுங்க, நான் ஃபில் பண்ணிக்கிறேன்" என்றார். அக்காவின் செக் புக்கிலிருந்து மூன்று செக்கில் கையெழுத்து வாங்கினார். கேன்சல் என்று குறுக்கே எழுதிக் கொடுக்கிறோம் என்றதற்கு, ஆபீஸில் அதை ஏற்க மாட்டார்கள் என்றார். கடைசியில் மாமாவின் சிம் கார்டையும் கேட்டார், ஓ.டி.பி. வருமாம். அதைத் தர முடியாது என்று அக்கா பிடிவாதமாக இருந்துவிட்டாள். மாமாவின் குரல் பதிவுகள் எல்லாம் அந்த போனில்தான் இருந்தன.

பி.எஃப் தொகை வந்தது. வந்த மறுநாளே அந்த செக்கில் ஒன்று 40,000 ரூபாய்க்கு பாஸ் ஆகியிருந்தது. போன் பண்ணிக் கேட்டால், அது கமிஷன் என்றார். பென்ஷன் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "அவருக்குப் பத்து வருஷம் சர்வீஸ் இல்லை மேடம், பென்ஷன் வராது. இன்சூரன்ஸுக்கு ட்ரை பண்ணலாம், வர்றதுல பத்து பர்சென்ட் கொடுக்கணும்" என்றார்.

அந்தப் பத்து வருஷக் கதை பச்சைப் பொய். பத்து வருஷம் என்பது, தொழிலாளி உயிரோடு இருந்து வயதானபின் தானே பென்ஷன் வாங்குவதற்கான கணக்கு. பணியில் இருக்கும்போது இறந்துவிட்டால், 1995 பென்ஷன் திட்டத்தில் அவர் பெயரில் ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு பென்ஷன் உண்டு. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். மறுமணம் செய்யாதவரை ஆயுளுக்கும் வரும். அது போக, 25 வயது ஆகாத பிள்ளைகளில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு, அம்மாவின் பென்ஷனில் கால் பங்கு வீதம் தனியாக வரும். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகளுமே அந்த வயதுக்குள்தான். ஆயிரம் ரூபாய் சின்னத் தொகைதான், எனக்கும் தெரியும். ஆனால் மாதாமாதம் வந்தால் கேஸ் சிலிண்டருக்கும் மகனின் பஸ் செலவுக்கும் ஆகிற தொகை அது.

இன்சூரன்ஸ் விஷயம் இன்னும் பலருக்குத் தெரியாது. அதற்குத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தமே கிடையாது, முதலாளிதான் அரை சதவீதம் கட்டுகிறார். அதனால் சம்பளச் சீட்டில் அது வராது, வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது. புரோக்கருக்கு அது ரொம்ப வசதி. மாதச் சராசரிச் சம்பளத்தை, அதிகபட்சம் 15,000 என்று வைத்து, 35 மடங்கு ஆக்குகிறார்கள். அதோடு பி.எஃப் இருப்பின் சராசரியில் பாதி, 1,75,000 வரை சேரும். ஆகக்கூடி 7 லட்சம் வரை போகும். பத்து பர்சென்ட் என்று அந்த ஆள் குறிவைத்தது இதைத்தான்.

எங்களுக்கு உண்மை தெரிந்தது ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி பி.எஃப் நிறுவனம் மாவட்டந்தோறும் நடத்தும் குறைதீர் முகாமில். நிதி ஆப்கே நிகட் என்று பெயர். 27-ம் தேதி விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் நடக்கும். அங்கே இருந்த ஒரு அம்மா, மாமாவின் யு.ஏ.என். நம்பரை, அதாவது பி.எஃப் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாள எண்ணை, போட்டுப் பார்த்து, எங்கள் பெயரில் கொடுக்கப்பட்டிருந்த படிவத்தை எடுத்தார். மேலேயே மூன்று கட்டம் இருக்கிறது, எந்தெந்தப் பணம் கேட்கிறோம் என்று டிக் போடுவதற்கு. பி.எஃப்புக்கு மட்டும் டிக் இருந்தது. பென்ஷன், இன்சூரன்ஸ் இரண்டும் காலி. அதற்குக் கீழே மொபைல் நம்பர் என்ற இடத்தில் அந்த ஆளின் நம்பர். அதனால்தான் ஒரு எஸ்.எம்.எஸ்.கூட எங்களுக்கு வரவில்லை. "இவங்க கேட்கவே இல்லையேம்மா, கேட்டிருந்தா அப்பவே சேர்த்து வந்திருக்கும்" என்றார் அந்த அம்மா. அக்கா வாயடைத்துப் போய் நின்றாள்.

பிறகு நாங்களே மீதி இரண்டுக்கும் விண்ணப்பித்தோம். இறப்புச் சான்றிதழ், இதை மாநகராட்சி இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அக்காவின் ஆதார், பிள்ளைகளின் ஆதார், பிறப்புச் சான்றிதழ்கள், பாஸ்புக் நகல், மூன்று பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ. அவ்வளவுதான். கோர்ட் வாசலை மிதிக்கவே இல்லை. வாரிசுச் சான்றிதழ் கேட்டாலும் அது தாசில்தார் தருவது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் போதும். நாமினி போடாமல் போனாலும் பணம் அரசுக்குப் போய்விடாது. பி.எஃப் தொகை குடும்பத்தாருக்குச் சமபங்காக வரும், பென்ஷன் எப்படியும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். பெயர் வித்தியாசத்துக்கு ஜாயிண்ட் டிக்ளரேஷன் என்று ஒரு படிவம், கம்பெனியும் குடும்பமும் சேர்ந்து கொடுப்பது. நம் ஊரில் இன்ஷியல் தகராறு இல்லாத வீடு ஏது? அதைக் காட்டி ஒரு பெண்ணை அழ வைத்துப் பணம் வாங்கியதுதான் எனக்கு ஆறவே இல்லை.

கம்பெனியில் இந்த முறை நானே போய் நின்றேன், கையெழுத்துப் போட்டார்கள். உங்கள் கம்பெனி மூடிப்போயிருந்தாலும் பயப்பட வேண்டாம், கணக்கு இருக்கும் வங்கியின் மேலாளரோ கெசட்டட் அதிகாரியோ சான்றொப்பம் இட்டால் ஏற்கிறார்கள். எல்லாத் தாளும் சரியாக இருந்தால் 20 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது விதி. இழுத்தால் பி.எஃப் நிறுவனத்தின் குறைதீர் இணையதளத்தில் புகார் போடலாம், 14470 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். அக்காவுக்கு இன்சூரன்ஸ் வந்துவிட்டது. பென்ஷனும், மாமா இறந்த தேதியிலிருந்து கணக்குப் போட்டு நிலுவையோடு வந்தது. எங்களுக்குச் செலவானது ஜெராக்ஸும் பஸ் டிக்கெட்டும்தான்.

கிராஜுவிட்டியையும், அதாவது வேலை பார்த்த வருஷங்களுக்கான பணிக்கொடையையும், விட்டுவிடாதீர்கள். அது பி.எஃப் அலுவலகத்தில் வராது, கம்பெனியே தர வேண்டும். ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இறந்தவர் விஷயத்தில் பொருந்தாது. எங்களுக்கும் முதலில் ஐந்து வருஷக் கணக்குச் சொல்லித்தான் தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள்.

இறந்தவரின் சிம்மை உடனே நிறுத்திவிடாதீர்கள், ரீசார்ஜ் பண்ணி வைத்திருங்கள். பதிவான அந்த நம்பரிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் பி.எஃப் இருப்பு எஸ்.எம்.எஸ்ஸில் வந்துவிடும், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வெளியாள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்றைக்கு வேலையில் இருப்பவர்கள் இ-நாமினேஷனை, அதாவது தனக்குப் பின் பணம் யாருக்கு என்று ஆன்லைனில் பதிவதை, இந்த வாரமே முடித்துவிடுங்கள். அது இருந்தால் குடும்பத்தார் ஆதார் ஓ.டி.பி.யை வைத்து ஆன்லைனிலேயே கேட்க முடியும். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் உயிர்வாழ்வுச் சான்றுக்கும் இதே ஆட்கள் காசு கேட்கிறார்கள். அதை போனில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து கொடுத்துவிடலாம்.

அந்த ஆள் மேல் போலீஸில் புகார் கொடுத்து, அதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம். பணம் இன்னும் திரும்பவில்லை. மீதி இரண்டு செக்கையும் பாஸ் பண்ண வேண்டாம் என்று நம்பரைக் குறிப்பிட்டு வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டோம். அவர் மேஜையில் இருந்த மற்ற ஃபைல்களும் யாரோ ஒரு வீட்டுப் பெண் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவைதான். உங்களுடையதும் அப்படி யாரிடமாவது இருந்தால், முதலில் செக்கை நிறுத்துங்கள். அப்புறம் யு.ஏ.என். நம்பரோடு பி.எஃப் அலுவலகத்தில் மக்கள் தொடர்பு கவுண்டருக்குப் போய், மூன்றில் எதற்கெல்லாம் டிக் போட்டிருக்கிறது, மொபைல் நம்பர் யாருடையது என்று உங்கள் படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.