என்பிடெல் சான்றிதழ்: வேலைக்குப் போய்க்கொண்டே படித்த அனுபவம்

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். சில வருடங்களாக, ஐஐடி போன்ற கல்வி நிறுவனங்களின் பாடங்களை இணையத்தில் நடத்தும் என்பிடெல்லில் ஒன்றை முடித்ததும் அடுத்தது என்று படித்து வருகிறேன்: ஐஐடி காரக்பூரின் சிக்ஸ் சிக்மா (உற்பத்தியில் குறைபாட்டைக் குறைக்கும் முறை), அப்புறம் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் புரோகிராமிங். வேலையில் இருப்பவர்களுக்கு இது சரிப்படுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள்.

சரிப்படும். வீடியோ இலவசம் என்பதற்காகச் சொல்லவில்லை, இலவச வீடியோ எங்கேயும் கொட்டிக் கிடக்கிறது. வாராவாரம் வரும் அசைன்மென்ட்தான் நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது. கெடு தாண்டினால் மார்க் கிடையாது என்பதால் பிள்ளைகள் தூங்கியபிறகு எப்படியும் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 8 மட்டும் கணக்கில் வரும், மாதக் கடைசி டிஸ்பேட்ச் நெருக்கடியில் மாட்டுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அசைன்மென்டுக்கு 25, மீதி 75 தேர்வு மையத்துக்கே போய் எழுதுவதற்கு. அந்தத் தேர்வு இருப்பதால்தான் இந்தச் சான்றிதழை நான் மதிக்கிறேன்.

வேலையில் என்ன பயன்? எங்கள் சிஎன்சியில் (கம்ப்யூட்டர் வழி இயங்கும் மெஷின்) துளையின் விட்டம் இரண்டு மைக்ரான் நகர்ந்தாலே ஆபரேட்டர் ஆஃப்செட்டை, அதாவது மெஷினில் கொடுக்கும் திருத்த அளவை, மாற்றுவார், அடுத்த பீஸ் எதிர்ப்பக்கம் ஓடும், திரும்ப மாற்றுவார். சிக்ஸ் சிக்மாவில் படித்தபடி ரீடிங்கை கண்ட்ரோல் சார்ட்டில் (அளவுகளின் ஏற்ற இறக்கம் இயல்பானதா என்று காட்டும் வரைபடம்) போட்டுப் பார்த்தபோது அந்த ஆட்டம் மெஷினின் இயல்பு என்று தெரிந்தது, தொடாமல் விட்டோம், ரிஜெக்‌ஷன் குறைந்தது. முன்பு இருந்த கம்பெனியில் ஹெச்ஆர் "இது டிகிரியா, டிப்ளமோவா?" என்று கேட்டு ஃபைலில் போட்டதோடு சரி. இப்போதைய மேனேஜர் சான்றிதழைக் கேட்கவே இல்லை, சார்ட்டைத்தான் பார்த்தார்.

குறை ஒன்று உண்டு. கல்லூரியில் இருப்பவர் ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (என்பிடெல் பாடங்களும் வரும் மத்திய அரசின் இணையத்தளம்) வழியாக எடுக்க, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2021 விதி இடம் தருகிறது. என்றோ படித்து முடித்தவருக்கு அந்த கிரெடிட்டைச் சேர்க்க ஒரு பட்டம் கையில் இல்லை, சான்றிதழ்கள் தனித்தனியாகவே கிடக்கின்றன. 2020இல் ஐஐடி மெட்ராஸ் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பில் ஃபவுண்டேஷன், டிப்ளமோ, பிஎஸ்சி, பிஎஸ் என்று படிகள் இருக்கின்றன, எந்தப் படியோடு நிறுத்தினாலும் கையில் ஒன்று மிஞ்சும். அதே மாதிரி உற்பத்தித் துறைக்கும் வேண்டும். அளவியல், எஸ்பிசி (கண்ட்ரோல் சார்ட் போன்ற புள்ளியியல் வழித் தரக்கட்டுப்பாடு), சிஎன்சி புரோகிராமிங் மூன்றையும் முடித்தால் ஒரு டிப்ளமோ என்று எந்தப் பல்கலைக்கழகமாவது அறிவிக்கட்டும், எங்கள் ஷிப்டிலேயே நாலைந்து பேர் பணம் கட்டத் தயாராக இருக்கிறார்கள்.