ஒரு வருடம் ரேஷன் அரிசிச் சோறு, ஒரு கார்டு கடன்: சரக்கு எப்படி?

மதுரையில் இருக்கிறோம், வீட்டில் நான்கு பேர். எங்களுடையது அரிசி கார்டுதான், ஆனால் போன வருடம் வரை அந்த அரிசியை ஒருமுறைகூட உலையில் போட்டதில்லை. வாங்கி, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்துவிடுவோம். வாடை அடிக்கும், நமக்குச் சரிப்படாது என்று அம்மா சொன்னதோடு சரி, யாரும் சமைத்துப் பார்க்கவில்லை.

அப்பாவின் ஆபரேஷனுக்கு மனைவியின் நகையை வங்கியில் வைத்தும் போதாமல் மீதியைக் கிரெடிட் கார்டில் தேய்த்தோம். 92,000 ரூபாய். மாதம் மூன்றரை சதவீத வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மினிமம் தொகை 4,600 கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன், ஒருநாள் ஸ்டேட்மென்டை உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, அதில் 3,800 வட்டிக்கும் வரிக்கும் போகிறது, அசலில் குறைவது 800. இந்த வேகத்தில் போனால் என் மகன் கல்லூரி முடித்தாலும் இது முடியாது. சம்பளம் ஏறப்போவதில்லை, வாடகை குறையப்போவதில்லை. கைவைக்க இருந்தது அடுப்படி ஒன்றுதான்.

சரி, சரக்குக்கு வருகிறேன்.

அரிசி. இருபது கிலோ, விலை இல்லை. முதல் நாள் குக்கரில் வைத்தோம். குழைந்து, ஒரு பழைய சாக்கு வாடையோடு வந்தது, பையன் தட்டைத் தள்ளிவிட்டான். மறுநாள் அந்த அக்காவிடம் மனைவி கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "குக்கர்ல போட்டா அப்படித்தாம்மா போகும். அஞ்சு தண்ணி கழுவி, ஒரு மணி நேரம் ஊற வச்சு, பானையில வடிச்சுப் பாரு." அவ்வளவுதான் விஷயம். ஊறவைத்து வடித்தால் வாடை கஞ்சியோடு போய்விடுகிறது, சோறு உதிரியாக நிற்கிறது. பொன்னி போல இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் தடிமன்தான். ஆனால் குழம்பு கெட்டியாக இருக்கும் நாளில் எனக்கு இதுதான் பிடிக்கிறது. மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு, சின்ன வெங்காயம், வறுத்த மோர் மிளகாய். இதில் ரேஷன் அரிசியை எந்தக் கடை அரிசியும் அடிக்க முடியாது, இது என் தனிப்பட்ட தீர்ப்பு.

கழுவும்போது சில மணிகள் மிதக்கும், அதைப் பார்த்து பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸாப்பில் வரும் வீடியோவை எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக்கி, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. பொறுக்கி எறிய வேண்டாம்.

இட்லிக்கு இதே புழுங்கலரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். நிறம் லேசாக மங்கல், மென்மையில் குறை இல்லை. தோசை கடை மாவைவிட மொறுமொறுப்பு. வாரத்துக்கு மூன்று மாவு பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்த வீடு இது, மாதம் 600 ரூபாய் அதிலேயே நின்றது.

துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், வெளியே 150க்குக் குறைந்து நான் பார்க்கவில்லை. வேக நேரமாகும், அரை மணி நேரம் ஊறவைத்து ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் போதும். சில மாதம் சின்னக் கல் கிடக்கும், முறத்தில் போட்டுப் பார்க்காமல் போடாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன், பல் டாக்டர் செலவு ரேஷனில் வராது. பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அப்பளம் வடைக்கு ஓகே, தாளிப்புக்கு மணமே இல்லை. வற்றல் குழம்புக்கு நல்லெண்ணெயைத் தவிர வேறு எதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கடன் இருந்தாலும். கோதுமை வரும்போது வரும்.

காய்க்கு உழவர் சந்தை. 1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்ததே எங்கள் ஊர் அண்ணா நகரில்தான், இத்தனை வருடம் அதைத் தாண்டிப் போய் சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சுற்றிய கத்தரிக்காய் வாங்கியிருக்கிறேன். அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், பேரம் பேசும் தலைவலி இல்லை. விடியற்காலையில் போனால் நல்ல காய், கடை கட்டும் நேரத்தில் போனால் கீரைக்கட்டு ஒன்றுக்கு இரண்டு. நாங்கள் இரண்டாவது ரகம்.

இனி குறைகள். சரக்கைவிட சேவைதான் பிரச்சினை. எங்கள் கடையில் கைரேகை மெஷின் அம்மாவின் விரலை ஏற்றுக்கொள்வதே இல்லை, எழுபது வயது விரலில் ரேகைக்கு எங்கே போவது, அதனால் நான் லீவு போட்டுப் போக வேண்டியிருக்கிறது. ஒருமுறை வாங்காத கோதுமையை வாங்கியதாக மெசேஜ் வந்தது. மெசேஜைக் காட்டிக் கேட்டதும், "மாத்திப் போட்டுட்டேன் சார், இந்தாங்க" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கேட்காதவர்கள் கதி என்ன என்று தெரியவில்லை. வரும் மெசேஜை அழிக்காமல் படியுங்கள், வழிக்கு வராவிட்டால் ரேஷன் புகார் எண் 1967க்குப் போன் போடுங்கள்.

கணக்கு கேட்பீர்கள். சாப்பாட்டுச் செலவு மாதம் 14,000இலிருந்து 8,500க்கு வந்தது. இதில் ரேஷன் சரக்கு மிச்சப்படுத்தியது சுமார் 1,400, மாவு 600. மீதி 3,500 நாங்கள் ஆப்பில் ஆர்டர் போட்டுத் தின்றது, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த ஆர்டர் நின்றதற்கும் இருபது கிலோ அரிசிதான் காரணம். மாவு பொங்கி நிற்கும்போது பரோட்டாவுக்குப் போனை எடுக்கக் கை கூசுகிறது. மிச்சமான 5,500ஐ அந்த 4,600உடன் சேர்த்து மாதாமாதம் கார்டில் கட்டினோம், கார்டைக் கத்தரித்துப் போட்டுவிட்டு. பன்னிரண்டாவது மாதம் பாக்கி பூஜ்ஜியம். நகை இன்னும் வங்கியில்தான் இருக்கிறது, அடுத்தது அது.

ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்த அக்காவுக்கு அவருடைய கார்டிலும் அரிசி வருகிறது, இருந்தாலும் எங்கள் இருபது கிலோ நின்றது அவருக்கு நட்டம்தான். சமைக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர். நகை திரும்பியதும் அரிசியில் பாதியை அவருக்கு மறுபடி கொடுப்பதாக மனைவி சொல்லியிருக்கிறாள்.

அரிசிக்கு ஐந்துக்கு நான்கு, பருப்புக்கு மூன்றரை, பாமாயிலுக்கு இரண்டு, கடைச் சேவைக்கு ஒன்றரை. பாமாயில் இந்த மாதம் இன்னும் கிடைக்கவில்லை. "நாளைக்கு வாங்க சார்" என்கிறார்கள், நானும் நாலு நாளாகப் பையோடு போய் வருகிறேன்.