செம்மண் காட்டில் ஏராக்ஸ்: வீட்டிலேயே பராமரித்த அனுபவம்

யமஹா ஏராக்ஸ் 155 ஸ்கூட்டர் எப்படி ஓடும், எவ்வளவு வேகம் போகும் என்பதை நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று இந்தச் செம்மண் தூசிக்குள்ளேயே வருடக்கணக்கில் ஓட்டினால் வண்டி என்ன கேட்கும் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். 2021-ல் இந்தியாவுக்கு வந்த வண்டி இது. லிக்விட் கூல்டு இன்ஜின் (கூலண்ட் என்ற திரவம் சுற்றிவந்து சூட்டைத் தணிக்கும்), 14 அங்குலச் சக்கரம், பின்னால் 140 மி.மீ. அகலத்துக்கு டயர். நடுவில் மேடு இருப்பதால் காலடியில் அரிசி மூட்டை வைக்க முடியாது. ஆனால் சீட்டுக்கு அடியில் 24.5 லிட்டர் இடம் இருக்கிறது. என் ஸ்பேனர் பை, காற்று மீட்டர் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

என் அனுபவத்தில் இந்த வண்டிக்கு இங்கே முதல் எதிரி தூசி. கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொதுவான சாலைகளுக்கானது. தூசி அதிகம் உள்ள இடத்தில் சீக்கிரமே பார்க்க வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள், யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. பங்குனியிலிருந்து ஆடிக் காற்று ஓயும் வரை நான் கிலோமீட்டர் பார்ப்பதே இல்லை, ஃபில்டரைத்தான் பார்க்கிறேன்.

இதில் இரண்டு ஃபில்டர் உண்டு. ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று பின்சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் இருக்கிற பெட்டிக்கு. இன்ஜின் ஃபில்டர் எண்ணெய் தடவிய காகிதம். இதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். காற்றடித்தால் காகிதம் பழுதாகும், அப்புறம் தூசி நேராக இன்ஜினுக்குள் போகும். சர்வீஸுக்கு விட்ட ஓர் இடத்தில் என் கண் முன்னாலேயே கம்ப்ரஸரை வைத்து ஊதி, "புதுசு மாதிரி ஆயிடுச்சு சார்" என்று திருப்பி மாட்டினார்கள். வீட்டிலேயே செய்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நாலைந்து ஸ்க்ரூதான், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் செய்யலாம்.

பெல்ட் பெட்டியின் ஃபில்டரைப் பலரும் மறந்தே போகிறார்கள். பெல்ட் சூட்டைத் தணிக்க உள்ளே போகும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. கோடையில் கழற்றிப் பார்த்தால் கருப்பாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்தில் இருக்கும். அது அடைத்துவிட்டால் பெல்ட் சூடேறிச் சீக்கிரம் தேயும்.

ஆயில் மாற்றுவதற்கு முன்னால் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முகப்பிலும் வளவிலும் ஆத்தங்குடிக் கல் போட்ட வீடு எங்களுடையது. அது சிமெண்ட் கல், எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும், கறை சாமான்யத்தில் போகாது. "தம்பி, ஒரு சொட்டு கல்லுல விழுந்தாலும் வண்டியை வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்று அப்பத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், நியாயம்தான். ஆகவே எல்லா வேலையும் பின்கட்டைத் தாண்டிக் கொல்லையில், பழைய சாக்கும் அட்டையும் விரித்துத்தான்.

வண்டியைச் சற்று ஓட்டி இன்ஜினை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, மெயின் ஸ்டாண்ட் போட்டு, அடியில் ட்ரே வைத்துத் திறக்க வேண்டும். சில்லறை ஆயில் மாற்றும் கடைகளில் ஒரு போல்ட்டை மட்டும் திறந்து வடித்துவிட்டு முடித்துவிடுவார்கள். இன்னொரு போல்ட்டுக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு வலைச் சல்லடை இருக்கிறது, திறந்தால் ஓ-ரிங், ஸ்பிரிங், சல்லடை மூன்றும் சேர்ந்து வந்து விழும். அந்தச் சல்லடையை மண்ணெண்ணெயில் அலசுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அதில் ஒட்டியிருப்பது கருப்புப் பிசுக்கு மட்டும்தானா, உலோகத் துணுக்கும் மின்னுகிறதா என்று பார்த்தாலே இன்ஜினின் நிலைமை தெரிந்துவிடும். வாஷரைப் புதிதாகப் போட்டு, அளவாக இறுக்க வேண்டும். அலுமினியத்தில் மரை போனால் செலவு பெரிது, அதனால் எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கிவைத்திருக்கிறேன். ஊற்ற வேண்டியது 0.9 லிட்டர், முழுப் புட்டியையும் கவிழ்க்கக் கூடாது. பின்சக்கரத்துப் பக்கம் கியர் ஆயில் தனி. ஒரு சின்ன டம்ளர்கூட வராது, ஆனால் அதை மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வடித்த ஆயிலைத் தயவுசெய்து வாய்க்காலில் ஊற்றாதீர்கள். நம் ஊர்களில் தெருவில் விழுகிற மழைத் தண்ணீர் ஊருணியில் போய்ச் சேரும்படிதான் பெரியவர்கள் வாட்டம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன், பழைய ஆயில் எடுக்க ஆள் வருவார்கள்.

கூலண்டை ஆறவைக்கும் ரேடியேட்டர் இன்ஜினின் வலது பக்கம், தாழ்வாக இருக்கிறது. ஐப்பசி மழைச் சேறு அதன் இடுக்கில் அப்பி, காய்ந்தால் இறுகிவிடும். மெதுவாக விழும் தண்ணீரும் பழைய பிரஷும் போதும். வாட்டர் சர்வீஸ் அழுத்தத்தை நேராகக் காட்டினால் தகடுகள் மடங்கிவிடும். கூலண்ட் குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது, உப்பு உள்ளே படியும். அளவைக் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும், சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

டயர் காற்று, பின் டிரம் பிரேக்கின் நட்டு, லீவரில் கொஞ்சம் கிரீஸ், பேட்டரி முனை இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

முன் பிரேக்கை நான் தொடுவதில்லை. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பிரேக்கில் காற்றுக் குமிழி எடுப்பதை அனுபவசாலியிடம் விடுவதே சரி. பிரேக் திரவத்தின் அளவை அதன் தொட்டியில் உள்ள சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துவைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறேன். பெல்ட்டையும், அது ஓடும் புல்லிக்குள் (சக்கரம் போன்ற பாகம்) உருளும் சிறு ரோலர்களையும் மாற்றுவதும் அப்படித்தான். புல்லியைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும், நட்டு சரியாக இறுகாவிட்டால் ஓட்டத்தில் ஆபத்து. சாமானை மட்டும் நானே வாங்கி, அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணைக் கையேட்டோடு ஒத்துப்பார்த்து, மெக்கானிக் பக்கத்திலேயே உட்கார்ந்து மாட்டச் சொல்கிறேன். கழற்றிய பழைய ரோலர்களையும் கையில் வாங்கி, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.