கறுப்பு பிளாஸ்டிக்கில் காய்ந்த மெழுகு: அழிப்பானா, ஆல்கஹாலா?

காருக்கு மெழுகு பூசும்போது பம்பர் ஓரத்திலும் கதவின் கீழ்ப் பட்டையிலும் கொஞ்சம் பட்டுவிடும். பெயின்ட்டில் பட்டது துடைத்தால் போய்விடும். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கிலோ, நுண்ணிய பள்ளங்களில் இறங்கி வெள்ளைத் திட்டாகக் காய்ந்துவிடுகிறது.

சிறிய திட்டுக்கு நான் எடுப்பது பென்சில் அழிப்பானைத்தான், அதுவும் வெள்ளை நிறத்தில் மென்மையானதை. அது பள்ளத்துக்குள் நெகிழ்ந்து இறங்கி, மெழுகைத் துகளோடு துகளாக உருட்டி எடுத்துவிடும். ரசாயனம் எதுவும் தேவையில்லை. ஆனால் பளபளப்பான பிளாஸ்டிக்கிலும் பெயின்ட்டிலும் தேய்க்கவே கூடாது, மங்கிவிடும்.

திட்டு நீளமாகப் பரவியிருந்தால் அழிப்பான் கையை ஓய்த்துவிடும். அங்கே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் சரி. அதே அளவு தண்ணீர் கலந்து, முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் சோதித்துப் பாருங்கள். பிறகு நிழலில், பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கும்போது, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். ஆல்கஹால் விரைவில் ஆவியாகும். ஈரம் இருக்கும்போதே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால், இளகிய மெழுகு பரவி அங்கேயே மீண்டும் படியும். பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். துணியின் பக்கத்தை அடிக்கடி மாற்றுங்கள். பக்கத்துப் பெயின்ட்டில் பட்டால் அங்குள்ள மெழுகுப் பூச்சும் கரையக்கூடும். ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

இரண்டில் ஒன்றுதான் என்றால், அழிப்பானில் தொடங்குங்கள். அதற்கு அசையாத திட்டுக்கும் நீளமாகப் பரவிய திட்டுக்கும் மட்டும் ஆல்கஹாலை எடுங்கள்.